உயிலைத் தேடினோம், உறவைக் கண்டோம்

(யூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் பங்கு வரலாற்றுக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)

 

நம் முதல் சிற்றாலயம் நின்ற இடத்தை ஒரு பெரியவர் உயில் எழுதித் தந்தார் என்று சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். யூபிலிக் கல்வெட்டில் அவர் பெயரைப் பொறிக்க வேண்டும், அந்த உயிலைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று பங்குப் பேரவை எங்கள் மூவரிடமும் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லும் குடும்பங்கள் இரண்டு. சிப்காட் வந்து ஒசூர்ப் பக்கம் நிலத்தின் விலை ஏறிய நாள் முதல் அவ்விரு வீட்டாருக்கும் பேச்சில்லை. "அவர்கள் எங்கள் இரத்தமே இல்லை" என்பார்கள் ஒரு வீட்டார். "உயிலை ஒளித்துவிட்டார்கள்" என்பார்கள் மறு வீட்டார். எனவே தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டோம்.

உயில் உண்மையானதே என்று நீதிமன்றம் அளிக்கும் சான்றுக்குப் புரோபேட் என்று பெயர். கிறிஸ்தவர் எழுதிய உயிலைக் கொண்டு நீதிமன்றத்தில் உரிமை கோர வேண்டுமானால் புரோபேட் தேவை என்றது 1865ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். 1925ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே சொன்னது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்தது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். ஆகவே எங்காவது ஒரு புரோபேட் இருக்கும் என்று நம்பிப் புறப்பட்டோம்.

எங்கே தேடுவது? கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் உருவானது. அதற்கு முன் 1965 முதல் தருமபுரி மாவட்டம். அதற்கும் முன் சேலம். ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டே போனோம். பழைய கட்டுகள் இருக்க வேண்டிய ஓர் அலுவலகத்தில் எங்களுக்கு வேண்டிய ஆண்டுகளின் கட்டே இல்லை.

அப்போது ஒரு மூத்த வழக்கறிஞர் எங்களுக்கு ஒன்றை விளக்கினார். உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ, அவர்களைவிட நெருங்கிய உறவினரோ உள்ள கிறிஸ்தவர், கோயிலுக்கோ தருமத்துக்கோ உயிலால் சொத்து விடுவதை அந்தக் காலச் சட்டம் எளிதில் அனுமதிக்கவில்லை. இறப்பதற்குப் 12 மாதங்களுக்குக் குறையாமல் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதிய 6 மாதங்களுக்குள் சட்டம் குறித்த இடத்தில் பாதுகாப்பாக ஒப்படைத்திருக்கவும் வேண்டும். தவறினால் கொடை செல்லாது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து, 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் 118ஆம் பிரிவாகத் தொடர்ந்த விதி இது. கேரளக் குருவானவர் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் 2003இல்தான் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்று அறிவித்தது.

ஆகவே பதிவுத் துறையிலும் தேடினோம். உயில்களுக்கென்றே சார்பதிவாளர் அலுவலகத்தில் 3ஆம் புத்தகம் உண்டு. வில்லங்கச் சான்றில் அது வராது. தனியே மனுப் போட வேண்டும். எழுதியவர் இறந்த பின்பே மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். மூடி முத்திரையிட்ட உயிலாக மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்திருக்கவும் கூடும். இரண்டையும் கேட்டோம். இரண்டுக்கும் "இல்லை" என்பதே பதில்.

வெறுங்கையோடு திரும்பிய எங்களுக்குப் பங்குத்தந்தை ஒரு வழி காட்டினார். "ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தீர்களா?" என்றார். நம் தருமபுரி மறைமாவட்டம் 1997இல் பிறந்தது. அதற்கு முன் 1930 முதல் சேலம். அதற்கும் முன் ஒசூர்ப் பக்கம் மைசூர் மறைமாவட்டம். பழைய ஏடுகள் இலத்தீனில் இருந்தன. முதலில் அவர் பெயரைக் காணவே முடியவில்லை. பிறகுதான் உறைத்தது! ஊரில் ராயப்பன் என்றால் ஏட்டில் பெத்ருஸ். சின்னப்பன் என்றால் பவுலுஸ். அருளப்பன் என்றால் யோவான்னெஸ். சூசை என்றால் யோசேப்புஸ். மும்முறை புரட்டிய அதே பக்கத்தில் அவர் இருந்தார்.

1908 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். அந்த ஓரக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு திருமண ஏட்டுக்குப் போனோம். அங்கே அவருடைய தந்தை பெயரும் தாய் பெயரும் கிடைத்தன. அதே தந்தை, அதே தாய், அதே ஊரோடு ஒரு பெண்ணின் திருமணமும் பதிவாகியிருந்தது. அவர் பெரியவரின் தங்கை. அந்தத் தங்கையின் தலைமகனுக்கு ஞானத்தந்தையாக நின்றவர் நம் பெரியவரே! ஒரு வீட்டார் அண்ணன் வழி, மறு வீட்டார் தங்கை வழி. "இரத்தமே இல்லை" என்ற சொல்லுக்கு அந்த ஏடே பதில் சொன்னது.

உண்மையை மறைக்காமல் சொல்கிறோம்: உயில் கிடைக்கவில்லை. தங்கை மகன் ஒருவர் இருந்ததால் அந்தப் பழைய விதியும் குறுக்கே நின்றிருக்கும். இடம் உயிலால் வந்தது என்று சொல்ல எங்களிடம் சான்றில்லை. அதே வேளையில், எவரும் உயிலை ஒளித்தார் என்று சொல்லவும் சான்றில்லை. ஆகவே கல்வெட்டில் "உயில்" என்ற சொல்லை விட்டுவிட்டு, அண்ணன், தங்கை இருவர் பெயரையும் பொறித்தோம். அவ்விரு வீட்டு மூத்தவர்களும் இன்று காலைத் திருப்பலியில் சேர்ந்து காணிக்கை எடுத்து வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நிலத் தகராறு தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். இருவரும் ஒரே தட்டைப் பிடித்தார்கள். அதுவே இன்றைக்குப் போதும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். உயில் எழுதுங்கள். மகளுக்கு என்ன என்பதையும் மறவாமல் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சாட்சிக்கோ அவர் துணைவருக்கோ அதில் பங்கு வைத்தால் அந்தப் பங்கு செல்லாது. உயில் எழுதிய பின் திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் இரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை; ஆயினும் செய்துவிடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். நம் பேரப்பிள்ளைகள் அடுத்த யூபிலியில் எங்களைப் போல் அலைய வேண்டாம்.

நம் முன்னோரின் விசுவாசம் நம் வீடுகளில் என்றும் நிலைத்திருக்க இறைவன் அருள் புரிவாராக.