ஜடமும் எதிர்ஜடமும்

வானொலியில் பேசுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கேட்கிறவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், எதனால் ஆனவர்கள் என்பதை அவன் அறிய வேண்டியதில்லை. அவனுடைய குரலைச் சுமந்து செல்லும் அலைகளும் அதைப்பற்றிக் கவலைப்படுவதில்லை. அந்த அலைகள் என்றேனும் ஒரு நாள் எங்கோ தொலைவிலுள்ள ஒரு விண்மீன் கூட்டத்தை அடைந்து, அங்கு வாழும் அறிவுள்ள உயிர்கள் மறுமொழி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அவர்களை நம் வீட்டுக்கு விருந்தாக அழைக்கலாமா? அழைப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. "ஐயா, தாங்கள் ஜடத்தால் ஆனவரா, எதிர்ஜடத்தால் ஆனவரா?"

இது வேடிக்கைக் கேள்வி அன்று. 1928-இல் இங்கிலாந்தின் டிராக் என்ற கணித மேதை எழுதிய ஒரு சமன்பாடு, எலெக்ட்ரானுக்கு எதிரான மின்னேற்றமுடைய ஓர் இரட்டைப் பிறவி இருக்க வேண்டும் என்று காட்டியது. 1932-இல் அமெரிக்காவில் ஆண்டர்சன் என்பவர் மேக அறை ஒன்றில் அதன் தடத்தைக் கண்டார். அதற்குப் பாசிட்ரான் என்று பெயரிட்டனர். 1955-இல் எதிர்ப்புரோட்டானும் அகப்பட்டது. எதிர்ப்புரோட்டானைச் சுற்றிப் பாசிட்ரான் ஓடினால் அது எதிர் ஹைட்ரஜன். ஜடமும் எதிர்ஜடமும் தொட்டுக்கொண்டால் இரண்டும் அழிந்து வெறும் ஆற்றலாகிவிடும். ஒரு கிராம் எதிர்ஜடம் ஒரு கிராம் ஜடத்தைத் தீண்டினால், 1945-இல் ஹிரோஷிமாவை எரித்த குண்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் வெளிப்படும். விருந்தினரைக் கைகூப்பி வரவேற்பது போதும், கைகுலுக்க வேண்டாம் என்று முன்னோர் சொன்னதற்கு இது ஒரு புதுக் காரணம்!

அவர்களையே கேட்டுவிட்டால் என்ன? "எங்கள் அணுவின் கருவில் இருப்பது நேர்மின்னேற்றம்" என்றுதான் அவர்களும் சொல்வார்கள். நேர், எதிர் என்பன நாம் இட்ட பெயர்களே. அவர்களுடைய விண்மீனின் ஒளியை ஆராய்ந்தாலும் பயன் இல்லை. ஜினீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் எதிர் ஹைட்ரஜனின் நிறமாலையை 2016 முதல் நுட்பமாக அளந்து வருகிறார்கள். ஹைட்ரஜனுக்கும் அதற்கும் வேறுபாடு தென்படவில்லை.

இங்கே நான் சற்றுச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. கடலில் கிடைக்கும் சங்குகளில் மிகப் பல இடம்புரி; வலம்புரி அரிது. ஆனால் வலம்புரி தோன்றுவதை இயற்கையின் விதி எதுவும் தடுக்கவில்லை. கண்ணாடியில் தெரிகிற எந்த நிகழ்ச்சியும் கண்ணாடிக்கு வெளியேயும் நடக்கக்கூடியதே என்றுதான் பௌதிக விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பினார்கள். 1956-இல் லீ, யாங் என்ற இரு சீன இளைஞர்கள், "இதை யாராவது சோதித்துப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார்கள். வூ அம்மையார் சோதித்தார். கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைக் கடுங்குளிரில் வைத்து, அதன் கருக்களை ஒரு திசையில் சுழல நிறுத்தி, எலெக்ட்ரான்கள் எப்பக்கம் வெளிவருகின்றன என்று எண்ணினார். ஒரு பக்கமே மிகுதியாக வந்தன. 1957-இல் லீக்கும் யாங்குக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த அம்மையாருக்குக் கிடைக்காதது எனக்கு இன்றளவும் மனத்துக்கு ஒப்பாத ஒன்று.

நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நம் சோதனைகளில் அகப்படும் நியூட்ரினோ எல்லாம் இடம்புரி. வலம்புரி நியூட்ரினோவை யாரும் கண்டதில்லை. ஆனால் எதிர் நியூட்ரினோ வலம்புரி. ஆகவே கண்ணாடியில் தெரிகிற உருவத்தின் ஜடத்தையும் எதிர்ஜடமாக மாற்றிவிட்டால் எல்லாம் முன்போலச் சரியாகிவிடும் என்று ரஷ்ய விஞ்ஞானி லாந்தாவ் முதலியோர் ஆறுதல் கண்டனர். அந்த ஆறுதல் நம் விருந்தாளி விஷயத்தில் பெரிய இடையூறு. இடது கை எது என்று முதலில் அவருக்குத் தெரிவித்தால்தான் ஜடம் எது என்று சொல்ல முடியும். ஜடம் எது என்று தெரிவித்தால்தான் இடது கை எது என்று சொல்ல முடியும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது கே மெஸான். 1947-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராச்செஸ்டர், பட்லர் இருவரும் விண்வெளிக் கதிர்களில் கண்ட விந்தைத் துகள்களுள் ஒன்று இது. எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 970 மடங்கு நிறை. மின்னேற்றம் இல்லாத வகைக்கும் ஓர் எதிர்த்துகள் உண்டு; ஆனால் இரண்டும் தனித்தனியே இருப்பதில்லை. ஒரே கயிற்றில் அருகருகே இரண்டு சிறு கற்களை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் ஆட்டிப் பாருங்கள். சற்று நேரத்தில் அது ஓய்ந்து மற்றது ஆடும். பிறகு அதுவும் ஓய்ந்து முதற்கல் ஆடும். கே மெஸானும் அப்படியே எதிர் கே மெஸானாக மாறி மீண்டும் வருகிறது. இவ்வாறு கைமாறாத ஆட்டங்கள் இரண்டே உண்டு: இரு கற்களும் ஒரு திசையில் சேர்ந்து ஆடுவது ஒன்று, எதிரெதிராக ஆடுவது மற்றொன்று. மெஸானிலும் இவ்விதக் கலவைகள் இரண்டு இருக்கும் என்று 1955-இல் கெல்மான், பைஸ் இருவரும் கூறினர். ஒன்று குறுகிய ஆயுளுடையது; இரண்டு பயான்களாகச் சிதையும். மற்றது அதைப்போல் 570 மடங்கு ஆயுளுடையது. லாந்தாவின் விதிப்படி அது இரண்டு பயான்களாக ஒருபோதும் சிதையக் கூடாது.

1963-இல் நியூயார்க்குக்கு அருகிலுள்ள புரூக்ஹேவன் கூடத்தில் கிறிஸ்டென்சன், குரோனின், ஃபிட்ச், துர்லே என்ற நால்வர் இதைப் பார்க்க முற்பட்டனர். அவர்கள் விதியை உடைக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். வேறொரு குழுவினர் கண்ட விநோத முடிவைச் சரிபார்ப்பதும், விதிக்கு இன்னும் உறுதியான சான்று தருவதுமே அவர்கள் நோக்கம். மெஸான்கள் பிறந்த இடத்திலிருந்து பதினைந்து மீட்டருக்கு அப்பால், ஹீலியம் நிறைந்த ஒரு பையில் சிதைவதைப் படம்பிடித்தார்கள். அவ்வளவு தொலைவு வருவதற்குள் குறுகிய ஆயுளுடையவை எல்லாம் மடிந்துவிடும். எண்ணிப் பார்த்தபோது 22,700 சிதைவுகளில் ஏறக்குறைய 45 இரண்டு பயான்களாக இருந்தன. ஐந்நூற்றில் ஒன்று! கருவியில் பிழையோ, கணக்கில் பிழையோ என்று பல மாதங்கள் தேடினார்கள். பிழை அகப்படவில்லை. 1964 ஜூலையில் முடிவை வெளியிட்டார்கள்.

இப்போது விருந்தாளிக்குச் செய்தி அனுப்பலாம். நீண்ட ஆயுளுள்ள கே மெஸான் சில வேளை ஒரு பயானும், ஒரு நியூட்ரினோவும், எலெக்ட்ரானோ பாசிட்ரானோ ஆகச் சிதைகிறது. இப்படி 10,000 சிதைவுகளில் பாசிட்ரான் வருவது சுமார் 5,017. எலெக்ட்ரான் வருவது சுமார் 4,983. "ஐயா, மிகுதியாக வருவது எதுவோ அது தங்கள் அணுக்களின் வெளிச்சுற்றில் ஓடுவதற்கு எதிரானதா? அப்படியாயின் தாராளமாக வாருங்கள். அதுவேயாயின், தயவுசெய்து தங்கள் ஊரிலேயே இருங்கள்."

இந்த முப்பத்து நான்கு எண்ணிக்கை வேறுபாட்டுக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்கலாம். பிரபஞ்சம் பிறந்த சூட்டில் ஜடமும் எதிர்ஜடமும் சம அளவில் தோன்றியிருந்தால் ஒன்றையொன்று அழித்து, எஞ்சியது ஒளியாகவே இருந்திருக்கும். நானும் இல்லை, நேயர்களும் இல்லை. நூறு கோடி எதிர்ஜடத் துகள்களுக்கு எதிரே நூறு கோடியே ஒன்று என்ற அளவில் ஜடம் மிஞ்சியதனால்தான் விண்மீன்களும் நாமும் ஆனோம். அந்த ஒன்று மிஞ்ச வேண்டுமானால் இவ்விதச் சமச்சீர்க் குலைவு இன்றியமையாதது என்று 1967-இல் ஸாகரோவ் எடுத்துக்காட்டினார்.

குலைவின் காரணத்தை 1973-இல் ஜப்பானின் கியோத்தோவிலிருந்து கோபயாஷி, மஸ்கவா இருவரும் சொன்னார்கள். மெஸான்களும் புரோட்டான்களும் குவார்க்குகளால் ஆனவை. குவார்க்கின் வகைகளை விஞ்ஞானிகள் சுவை என்றே வழங்குகிறார்கள். அப்போது தெரிந்தவை மூன்று சுவைகள். நான்கு இருந்தாலும் குலைவுக்கு இடம் இல்லை, ஆறு இருந்தால் இடம் உண்டு என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். அறுசுவை உண்ட நமக்கு இது வியப்பில்லை; விஞ்ஞானிகள் ஆறாவது சுவையைக் காண 1995 வரை காத்திருக்க நேர்ந்தது. 2001-இல் கலிபோர்னியாவிலும் ஜப்பானின் த்ஸுகுபாவிலும் பி மெஸான்களில் அவர்கள் கணக்கு மெய்யாயிற்று. 2008-இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். 2019-இல் சார்ம் குவார்க் உடைய மெஸான்களிலும், 2025-இல் புரோட்டானின் இனமான பேரியான் ஒன்றிலும் செர்ன் கூடத்தார் இக்குலைவைக் கண்டறிந்தனர்.

இவ்வளவும் சேர்த்தாலும் கணக்கு நேராகவில்லை. குவார்க்குகளில் காணும் குலைவு, அந்த நூறு கோடியில் ஒன்றை மிச்சம் பிடிப்பதற்கு மிக மிகக் குறைவு. வேறெங்கோ இன்னொரு பெரிய குலைவு மறைந்திருக்க வேண்டும். அதை நியூட்ரினோக்களிடம் தேடுகிறார்கள். ஜப்பானின் கிழக்குக் கரையில் தோக்காய் என்ற ஊரிலிருந்து 295 கிலோமீட்டர் பூமிக்குள்ளேயே ஊடுருவிக் காமியோக்கா மலைச் சுரங்கத்துக்கு நியூட்ரினோக்களை அனுப்பி, பிறகு எதிர் நியூட்ரினோக்களையும் அனுப்பி, வழியில் இரண்டும் ஒரே விதமாக உருமாறுகின்றனவா என்று எண்ணுகிறார்கள். அகப்படுவது அரிதாகையால் எண்ணுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். எனக்கு அளித்த நேரமோ முடிந்துவிட்டது.