மரச்சட்டமும் மண்சுவரும்

சேர்வராயன் மலையில், ஏர்க்காட்டில், 'கிரேஞ்ச்' என்றொரு பழைய மாளிகை உண்டு. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையின் பெயரோடு இணைந்தது அது; அம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தியவரும் அவரே. பார்வைக்குக் கோட்டை போலிருக்கும்.

ஆயினும் ஆங்கில நாட்டுப் பழம் பண்ணை மாளிகைகள் யாவும் இவ்வண்ணம் அமைந்தவை அல்ல. செஷயர் வட்டாரத்தில், 1504-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற லிட்டில் மோர்ட்டன் ஹால், அகழி சூழ்ந்த மர மாளிகை. ஓக் மரச்சட்டங்களை முளையடித்து இணைத்து, இடைவெளிகளில் மிலாறு பின்னிக் களிமண் பூசினர். பிற்காலத்தில் உச்சியில் நீண்ட கூடமொன்றை ஏற்றவே, பாரம் தாங்காது சட்டங்கள் வளைந்தன. இன்றும் கோணலாகவே நிற்கின்றது. 1938 முதல் நேஷனல் டிரஸ்ட் அதனைக் காத்து வருகின்றது.

அதற்கு நம் மலையிலுள்ள உண்மை உறவு கிரேஞ்ச் அன்று என்பேன். மூங்கிற் பிளாச்சு பின்னி மண் பூசிய மலையாளிகளின் கூரைவீடே அதன் உடன்பிறப்பு. (கேரளத்தாரைச் சொல்லவில்லை, இம்மலைப் பழங்குடியினரைச் சொல்கிறேன்.) கரையானோடும் மழையோடும் போராடிய அவ்வீடுகள் சிமெண்டுக்கு இடம்விட்டு மறைந்து வருகின்றன. அவற்றைக் காக்க ஒரு டிரஸ்டும் எழவில்லை. ஏர்க்காடு செல்வோர் ஏரியோடு திரும்பிவிடாமல், எஞ்சிய ஒன்றிரண்டைத் தேடி, வீட்டாரின் இசைவோடு அளந்து, படம் வரைந்து வாருங்கள்.