தசையென்று கருதிய பறவை



காங்கேயம் என்ற பெயரைக் கேட்டவுடன் வெளியூரார் நெஞ்சில் முதலில் தோன்றுவது காளை. ஆதிநாதராகிய ரிஷபதேவரின் இலாஞ்சனமும் காளையே. தீர்த்தங்கரர் 24 பேருள் 16 பேருக்கு உயிரினமே அடையாளமாக அமைந்துள்ளது. யானை, குதிரை, குரங்கு, எருமை, மான், ஆடு, மீன், ஆமை, பாம்பு, சிங்கம் என அவ்வரிசை நீளும். இவற்றுள் புட்பதந்தருக்கு உரிய மகரம் ஒன்றே கற்பனை உயிர். அதனையும் முதலை என்று கொள்வார் உளர். ஏனைய யாவும் மக்கள் கண்டறிந்தவை.

கதையுலகம் அவ்வாறன்று. அங்கே காணாத உயிர்களே மிகுதி. சீனத்தின் பறக்கும் நாகம், ஐரோப்பியரின் தீயுமிழும் நாகம் ஆகியவற்றை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கொங்கு நாட்டுப் புலவர் ஒருவர் எடுத்துக்கொண்ட கதையில் வரும் வியத்தகு பறவையைப் பெரியோருள்ளும் அறிந்தார் சிலரே.

காங்கேயத்துக்கு வடக்கே, பெருந்துறையை அடுத்துள்ள விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் இருக்கிறது. பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிரின் ஊர் அது என்பது வழிவழி வரும் செய்தி. குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றிய பிருகத்கதை மறைந்துபோயிற்று. அதன் வழிவந்த உதயணன் கதையைத் தமிழில் தந்தது பெருங்கதை. அதனை 1924இல் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர்.

உதயணன் பிறப்பிலேயே அப்பறவை வருகிறது. கோசாம்பி அரசன் சதானிகனின் தேவி மிருகாவதி கருவுற்றிருந்த காலத்தில், நிலாமுற்றத்தில் செம்பட்டுப் போர்த்து உறங்கினாள். வானில் சென்ற சரபம் அவளைத் தசைப்பிண்டம் என்று கருதிக் கவ்விச் சென்றது. சிம்புள் என்பதும் அதன் பெயரே. விபுலமலையில் இறங்கியபோது அவள் உயிரோடிருப்பதை உணர்ந்து, தீண்டாது விட்டுப் பறந்தது. ஞாயிறு எழும் வேளையில் அங்கே மகன் பிறந்தான். ஆதலின் உதயணன் எனப்பட்டான். துறவு பூண்டு அம்மலையில் தவமிருந்த சேடகமுனிவர், மிருகாவதியின் தந்தையே, அவளைக் கண்டு காத்தார்.

இதே நிகழ்ச்சியைப் பிற சமயத்தாரும் கூறியுள்ளனர். 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில், கருவுற்ற அரசி குருதியில் நீராட விழைகிறாள். அரசன் உயிர்க்கொலை செய்ய மனமின்றி, அரக்குச் சாற்றால் குளத்தைச் சிவப்பாக்குகிறான். அதில் மூழ்கியெழுந்தவளைப் பறவை இறைச்சியென்று கொண்டு செல்கிறது. உயிருண்மை கண்டு விடுகிறது. பௌத்தரின் தம்மபத உரையிலோ அரசி செங்கம்பளம் போர்த்திருக்கிறாள். தூக்கிச் செல்லும் ஹத்திலிங்கப் பறவைக்கு ஐந்து யானைகளின் வலிமை. நடுவானில் கூவினால் கீழே போட்டுவிடும் என்றெண்ணி அவள் வாய் திறவாதிருக்கிறாள். மரக்கிளையில் வைத்த பின்னரே கைதட்டிக் கூவி அதனை விரட்டுகிறாள். அரசியின் மதிநுட்பத்தைப் போற்றுவது அக்கதை. சமணர் கதையோ பறவையின் இயல்பைப் போற்றுகிறது. கதைச்சுவையில் பௌத்தர் கூற்றே விஞ்சியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வேட்டைப் பறவைக்கும் ஒரு வரம்பு உண்டு என்று எண்ணிப் பார்த்த உள்ளம் எளியதன்று.

பாரசீகத்திலும் அவ்வுள்ளம் இருந்தது. பிர்தௌசியின் ஷாநாமாவில், நரைத்த தலையோடு பிறந்த சால் என்னும் குழந்தையைத் தந்தை மலையில் எறிந்துவிடுகிறான். சீமுர்க் என்னும் பெரும்பறவை தன் குஞ்சுகளுக்கு இரையாக அதனை எடுத்துச் செல்கிறது. பின் இரக்கமுற்றுத் தன் கூட்டிலேயே வளர்க்கிறது. பெற்றவன் எறிந்ததைப் பறவை வளர்த்தது.

அரபுக் கதையில் வரும் ருக் பறவை வேறு வகை. சிந்துபாது அதன் காலில் தன்னைப் பிணித்துக்கொண்டு வைரப் பள்ளத்தாக்கை அடைகிறான். வணிகர் மேலிருந்து இறைச்சித் துண்டுகளை எறிவர். வைரங்கள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். பறவைகள் தூக்கிவர, வணிகர் கவர்ந்துகொள்வர். 4ஆம் நூற்றாண்டில் சைப்பிரசுத் தீவின் ஆயர் எபிபானியசும் இதனை ஒத்த செய்தியை எழுதினார். மார்க்கோபோலோ இதனைத் தெலுங்கு நாட்டு முத்பிலியின்மேல் ஏற்றிக் கூறினார். வணிகர் வழியாகக் கதையும் ஒரு சரக்காகவே கடல் கடந்திருக்கிறது. அந்த இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட உயிரைப்பற்றி இவர்கள் எவரும் ஒரு சொல்லும் நின்று பேசவில்லை.

பேசியது சமணர் கதை. சங்கதாசரின் வசுதேவஹிண்டி என்னும் பிராகிருத நூலிலும், 783இல் சினசேனர் முடித்த அரிவம்ச புராணத்திலும் சாருதத்தன் வரலாறு வருகிறது. பொருளிழந்த வணிகனாகிய அவன் உருத்திரதத்தனோடு பொருள் தேடிப் புறப்படுகிறான். குறுகிய மலைவழியை இருவரும் ஆடுகளின்மேல் ஏறிக் கடக்கின்றனர். கடந்த பின் உருத்திரதத்தன், "ஆடுகளைக் கொன்று தோலுக்குள் புகுந்துகொள்வோம். பேருண்டப் பறவைகள் இறைச்சியென்று எண்ணி நம்மை இரத்தினத் தீவில் சேர்க்கும்" என்கிறான். சுமந்து வந்த உயிரைக் கொல்வதா என்று சாருதத்தன் தடுக்கிறான்; அவன் கேட்கவில்லை. தடுக்கவியலாத நிலையில் சாருதத்தன் சாகப்போகும் ஆட்டின் அருகே சென்று அறம் உரைக்கிறான். பஞ்ச நமஸ்காரம் ஓதுகிறான். ஆடு அமைதியாகக் கேட்டு உயிர் விடுகிறது.

கொறங்காட்டில் ஆடு மேய்த்து வாழும் நாட்டார்க்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் ஆடு அவர்கள் அறிந்ததே.

திருத்தக்கதேவரும் இத்தகைய ஒன்றைப் பாடினார். அடியுண்டு சாகும் நாயின் செவியில் சீவகன் ஐந்து பதத்தையும் ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் இயக்கனாகி, அவன் இடருற்றபோது வந்து காக்கிறது. அங்கே நன்றியின் பயன் உதவியாகத் திரும்புகிறது. சாருதத்தன் கதையின் முடிவு இன்னும் நுண்ணியது. பறவையால் மலைமேல் சேர்ந்த சாருதத்தன் அங்கே ஒரு முனிவரைக் கண்டு பணிந்து அமர்ந்திருக்கிறான். வானிலிருந்து தேவன் ஒருவன் இறங்கி வருகிறான். முனிவர் இருக்க, முதலில் சாருதத்தன் அடியில் வணங்குகிறான். கண்டோர் முறை தவறியதென வியந்து வினவ, தேவன் உரைக்கிறான்: முற்பிறப்பில் தான் ஆடு, சாகும் வேளையில் தனக்கு அறம் உரைத்த ஆசிரியர் இவரே.

பெருங்கதையின் தொடக்க ஏடுகளும் இறுதி ஏடுகளும் கிடைக்கவில்லை. மிருகாவதியைப் பறவை கொண்டுசென்ற செய்தியைத் தமிழில் விரிவாகத் தருவது, பெயர் தெரியாத சமணப் புலவர் ஒருவரின் உதயணகுமார காவியம். சரபம் தேவியை இறக்கிவைத்த அந்த மலைமுகட்டைக் கொங்குவேளிர் எச்சொற்களால் பாடினார் என்பது அழிந்த ஏடுகளோடு போயிற்று.