திரும்பவும் நின்றுபோன வேன்

(ஆதரவாளர் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைக் குழுவின் சார்பில் அளிக்கப்பட்ட உரை)



எத்தனை நோயாளிகள் வந்தார்கள், எத்தனை பிரசவங்கள் நடந்தன என்று இந்தக் கூடுகையில் சொல்வது எங்கள் வழக்கம். இந்த முறை ஒரு வேனைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள். 2024-25 கணக்குத் தாளில் 'வாகனப் பழுது' என்ற வரியில் பெரிய தொகை இருப்பதைக் கண்டு உங்களில் சிலர் கடிதம் எழுதினீர்கள். கேட்டது நியாயமே. அந்தக் கடிதங்களுக்கு இதுவே எங்கள் பதில்.

மாதம் இருமுறை எங்கள் வேன் கொல்லிமலைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த மலையில் ஊழியம் செய்து 1929-இல் இங்கேயே மரித்தார் ஜெஸ்ஸி பிராண்ட் ஐயா. அவருடைய துணைவியார் ஈவ்லின் அம்மையார் முதிர்வயதிலும் குதிரையேறிக் கிராமம் கிராமமாகப் போனவர். 1974-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அம்மையாரின் குதிரைக்கு ரேடியேட்டர் இல்லை, கேஸ்கெட் இல்லை என்று எங்கள் டிரைவர் தம்பி சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் 2024 ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பாதி மலை ஏறியபோது வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின்னால் வெண்புகை. வண்டி நின்றுவிட்டது. நர்ஸ் அக்கா இருவரும் மருந்துப் பெட்டிகளோடு சாலையோரம் உட்கார்ந்தார்கள். மேலே கிராமத்துப் பள்ளிக்கூடத் திண்ணையில் நோயாளிகள் காத்திருந்தார்கள். மாலை நான்கு மணிவரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று பிறகு அறிந்தோம். அவர்களில் ஒரு பாட்டியம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை அன்றோடு தீர்ந்திருந்தது.

வேனைக் கட்டி இழுத்து வந்து ஒரு பட்டறையில் விட்டோம். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றார்கள். இழுத்து வந்த கூலியும் சேர்த்து 46,000 ரூபாய் கொடுத்தோம். ஸ்தோத்திரம் சொல்லி வண்டியை எடுத்து வந்தோம். மூன்றே வாரத்தில், ஏறக்குறைய அதே வளைவுகளில், அதே முள், அதே வெண்புகை. பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படித்தான் இருந்தது. கோபத்தில் வேறொரு பட்டறைக்குப் போனோம். மறுபடியும் கேஸ்கெட், 23,500 ரூபாய். ஆகஸ்டில் மூன்றாம் முறையாகக் கொதித்தது.

பிரியமானவர்களே, இங்கே எங்கள் குற்றத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று ஒருவர் வந்தால், காய்ச்சலை இறக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள் என்று எங்கள் நர்ஸிங் மாணவிகளுக்கு நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிறோம். வேன் விஷயத்தில் அந்தப் பாடத்தை நாங்களே மறந்தோம். கேஸ்கெட் ஏன் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏப்ரலிலேயே டிரைவர் தம்பி, "முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறது ஐயா, தண்ணீரும் அடிக்கடி குறைகிறது" என்று சொல்லியிருந்தார். முகாம் தேதி தவறக்கூடாது என்ற அவசரத்தில் நாங்கள் காது கொடுக்கவில்லை.

மூன்றாம் முறை, நாமக்கல்லில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்குமுன் கேட்ட முதல் கேள்வி: "என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" எங்கள் வளாகத்துப் போர்வெல் தண்ணீர்தான் என்றோம். உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்தது. கழற்றிக் காட்டினார், பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. சமதரையில் ஓடும்போது அது தெரியவில்லை. மலையில் தாழ்ந்த கியரில், பாரத்தோடு, மெதுவாக ஏறும்போது எஞ்சினில் சூடு கூடுகிறது, காற்றோட்டமோ குறைகிறது. மிச்சமிருந்த பாதி ரேடியேட்டரால் அதைத் தாங்க முடியவில்லை.

அளவுக்கு மீறிச் சூடானால் எஞ்சினின் ஹெட் வளைந்துபோகும் என்றும் அவர் விளக்கினார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருப்பதுதான் கேஸ்கெட். வெடிப்பின் அழுத்தமும் தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது அது. வளைந்த ஹெட்டின் கீழ் எத்தனை புதுக் கேஸ்கெட் வைத்தாலும் நிற்காது. நேரான இரும்புச் சட்டத்தை ஹெட்டின்மேல் வைத்து இடைவெளியை அளந்து காட்டினார். முன்பு இரண்டு இடங்களிலும் அந்த அளவைப் பார்த்ததாகப் பில்லில் ஒரு வரியும் இல்லை.

அன்று இரவு குழு கூடியது. "69,500 ரூபாய் போட்டுவிட்டோமே, இப்போது எப்படி விடுவது?" என்றார் ஒருவர். "இனி ஒரு ரூபாயும் போடாதீர்கள், விற்றுவிடுங்கள்" என்றார் இன்னொருவர். இரண்டும் தவறான இடத்திலிருந்து வந்த பேச்சு என்று ஜெபித்து அமர்ந்தபின் உணர்ந்தோம். ஒன்று நஷ்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, மற்றது கோபத்தை. போன பணம் போனதுதான். வண்டியை வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பாது. கோபுரம் கட்டுகிறவன் செலவைக் கணக்குப் பார்த்த உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இனிமேல் ஆகும் செலவு என்ன, அதைச் செய்தால் கையில் இருக்கப்போகும் வண்டி எப்படிப்பட்டது, அதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்று மூன்று கேள்விகளைத் தாளில் எழுதினோம்.

மெக்கானிக் எல்லா சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் சோதித்தார், நன்றாக இருந்தது. சேஸியில் துரு இல்லை. ஆகவே ரேடியேட்டரின் உட்பகுதியை மாற்றி, ஹெட்டைச் சமமாகக் கடைந்து, தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் புதிதாகப் போடத் தீர்மானித்தோம், 38,000 ரூபாய். வேலை தொடங்குமுன்பே ஒரு எல்லையும் குறித்துவைத்தோம்: மறுபடி கொதித்தால், அல்லது அடுத்த பழுது வண்டியின் விற்பனை விலையில் கால்வாசியைத் தாண்டினால், விற்றுவிடுவது. சூடு ஆறின வேளையில் எழுதிய எல்லைதான் அவசர வேளையில் கைகொடுக்கும்.

முதல் பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. பில்லையும் வளைந்த ஹெட்டின் அளவையும் எடுத்துக்கொண்டு போய் அமைதியாகக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, கூலியில் 9,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். கோபத்தில் அவரைத் தாண்டி வேறிடம் போகாமல் இரண்டாம் முறையே அவரிடம் போயிருந்தால், 23,500 ரூபாயும் தப்பியிருக்கும் என்று நினைக்கிறோம்.

உங்களில் பலருக்கும் வண்டி உண்டு. ஆகவே நாங்கள் பட்டுக் கற்றதைச் சொல்கிறோம். மெக்கானிக்கிடம் இந்தப் பாகத்தை மாற்றுங்கள் என்று சொல்லாமல், எப்போது, எங்கே, எப்படி நின்றது என்று சொல்லுங்கள். ஏன் பழுதானது என்று கேளுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டுப் பெறுங்கள். எத்தனை நாள் உத்தரவாதம் என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். அதே பழுது திரும்பினால், முதலில் செய்தவரிடமே எழுத்தில் தெரிவியுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் அங்கே கட்டணம் இல்லை. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் ஒருபோதும் உடனே திறக்காதீர்கள். அந்த நீராவியால் வெந்த கைகளுக்கு நாங்களே கட்டுப்போட்டிருக்கிறோம்.

இப்போது வேனில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதில்லை. கம்பெனிப் புத்தகத்தில் சொன்னபடி கூலன்ட் மட்டுமே. புறப்படுமுன் டிரைவர் தம்பி ஒரு நோட்டில் கையெழுத்திடுகிறார். அவர் வேண்டாம் என்றால், டாக்டர் சொன்னாலும் வண்டி கிளம்பாது. வேன் போக முடியாத நாளில் வாடகை ஜீப் ஒன்றுக்கு ஏற்பாடு உண்டு. மாத்திரை வாங்கும் நோயாளிகளுக்கு, அடுத்த முறை தவறினாலும் தட்டாதபடி, இரண்டு வாரத்துக்கு அதிகமாகக் கொடுத்தனுப்புகிறோம்.

தேவ கிருபையால், பழுது பார்த்தபின் பதினான்கு முறை வேன் மலையேறியிருக்கிறது. முள் நடுவைத் தாண்டவில்லை. நாளைக்கும் தாண்டாது என்று வாக்குக் கொடுக்க மாட்டோம், இயந்திரம் இயந்திரம்தான்.

ஆகமொத்தம் 98,500 ரூபாய். கடைசியில் செய்ததை முதலிலேயே செய்திருந்தால் இதில் கணிசமான பகுதி மிஞ்சியிருக்கும். சிறுகச் சிறுகச் சேர்த்த காணிக்கையை விதவைத் தாய்மார்கூட இதற்காக அனுப்பியிருக்கிறீர்கள் என்பதை அறிவோம். அதனால்தான் கணக்குத் தாளின் ஒரு வரியோடு இதை முடித்துவிட மனம் இடங்கொடுக்கவில்லை. எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்டுக் கடிதம் எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

அந்தப் பாட்டியம்மா அடுத்த முகாமுக்கு வந்தார். மாத்திரை இல்லாமல் இருந்த நாட்களில் தலை சுற்றி இருமுறை விழுந்ததாகச் சொன்னார். "வண்டிக்கு உடம்பு தேவலையா சாமி?" என்று எங்களை விசாரித்தார். தேவலை அம்மா என்றோம். அடுத்த வியாழக்கிழமையும் அவர் திண்ணையில் காத்திருப்பார். அந்தப் பயணத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.