தண்ணீரில் கரையாது, வயிற்றில் கரையும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வந்தால் தீர்மானப் புத்தகம், உள்கடன் வசூல் என்றுதான் பேசுவேன். இன்றைக்கு ஒரு தூளைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் ஈய ஆக்சைடு. "இது என்ன பத்தாங்கிளாஸ் பாடமா" என்று பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. இந்தப் பாடத்தைப் படிக்காமல் தப்பு செய்தவள் நான்தான்.

நம் குழுக்களில் ஒன்று சென்ற ஆண்டு பழைய பேட்டரி வாங்கி உடைத்து, ஈயத்தை உருக்கி விற்கும் தொழிலுக்குக் கடன் கேட்டது. தொழில் திட்டம் எழுதிக் கொடுத்தது நான். வரவு, செலவு, மாதத் தவணை எல்லாம் அழகாகப் போட்டேன். உருக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் குழந்தை இருக்கிறதா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுகிறேன். ஈயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஞாபகம் வரும். பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டு ஈயம் பூசுகிறவர் தெருவில் வருவாரே, அதுவும் ஞாபகம் வரும். அது வெள்ளீயம். வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். மீன் வலையில் குண்டாகக் கட்டுவது, பேட்டரிக்குள் இருப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால், "பாட்டி காலத்துல இருந்து ஈயத்துலதானே ரசம் வைக்கிறோம், என்ன ஆச்சு?" என்று அந்தக் குழுவின் பிரதிநிதி அக்கா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். (விலை மலிவாகக் கிடைக்கிற ஈயச்சொம்பில் காரீயத்தைக் கலக்கிறவர்களும் உண்டு. நம்பிக்கையான கடையில் மட்டும் வாங்குங்கள்.)

பேட்டரிக்குள் ஈயத்தில் செய்த சட்டங்கள் இருக்கும். அதன் கட்டங்களில் ஈய ஆக்சைடைக் களி மாதிரி குழைத்து அப்பித்தான் தயாரிக்கிறார்கள். ஈயமும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான் ஈய ஆக்சைடு. இதில் மஞ்சளும் உண்டு, சிவப்பும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் மிருதார்சிங்கி என்று சொல்வதும் இந்த வகைதான். ஆக்சிஜன் இன்னும் கூடினால் பேட்டரித் தகட்டில் பார்க்கிற காப்பிப்பொடி நிறம். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகு அடுப்பே போதும். அதனால்தான் கொல்லைப்புறத்தில் குழி வெட்டி, கரி போட்டு, இந்த வேலையைச் செய்ய முடிகிறது. கரி அந்தத் தூளில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, ஈயம் தனியாகக் கீழே நிற்கும். கூடவே கார்பன் மோனாக்சைடு வாயுவும் வரும். உருகின ஈயத்தின் மேல் பால் ஆடை மாதிரி ஒன்று படியும். காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து மறுபடியும் ஆக்சைடாகிறது. கரண்டியால் ஒதுக்கிப் பக்கத்தில் கொட்டுவார்கள். எழும்புகிற புகையும் ஆறினால் இதே தூள்தான், மாவை விட மெல்லிசாக.

இந்தத் தூளுக்கு வாசனை இல்லை, எரிச்சல் இல்லை. மிளகாய்த்தூள் பட்டால் தும்முகிறோம், கையைக் கழுவுகிறோம். இது பட்டால் ஒன்றுமே தெரியாது. இது கட்டியாக இருந்தால் தண்ணீரைப்போல ஒன்பதரை மடங்கு கனம். அதனால் புகை பெரும்பாலும் தொலைவுக்குப் போகாமல் அக்கம்பக்கத்து மண்ணிலேயே படியும். தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, ஆகவே மழை வந்தாலும் போகாது. வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

"தண்ணியில கரையாததுன்னா உடம்புல எப்படி ஏறும்?" என்று ஒரு அக்கா கேட்டார். எனக்கும் முதலில் புரியவில்லை. பிறகுதான் ஒரு வேதியியல் ஆசிரியர் விளக்கினார். தண்ணீரில் கரையாத இந்தத் தூள் அமிலத்தில் நன்றாகக் கரையும். நம் வயிற்றில் இருப்பது அமிலம்தானே! மண்ணில் சும்மா கிடக்கிற தூள், கைவிரல் வழியாக வயிற்றுக்குள் போனதும் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. வினிகரில் கரைந்தால் இனிப்பாகக்கூட ஆகிவிடுமாம். ஈயம் கலந்த பளபளப்புப் பூச்சுள்ள மண்ஜாடியில் புளிப்பு ஊறுகாய் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

நான் தவணை கேட்கப் போன அன்று, இரண்டு வயதுக் குழந்தை அந்தக் கொட்டின கசடை வைத்து மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தது. விரலை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தது. வாரக்கணக்கில் வயிற்றுவலி, மலச்சிக்கல், சாப்பிடுவதில்லை என்று அம்மா சொன்னார். பூச்சி மருந்து கொடுத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இரத்தத்தில் ஈயம் பார்க்க எழுதிக் கொடுத்தார். நூறு மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரணத்தைத் தேடி நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றும் சொல்கிறது. இந்தக் குழந்தைக்கு அதைப்போலப் பல மடங்கு.

ஒரே அளவு தூள் உள்ளே போனால், பெரியவர்களை விட நாலைந்து மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தையின் உடம்பு ஈயத்தை எடுத்துக்கொள்ளும். இரத்தசோகை உள்ள உடம்பு இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். மூளை வளர்கிற வயதில் போகிற ஈயம் படிப்பையும் கவனத்தையும் கெடுக்கும். அளவு மிகுந்தால் வலிப்பும் வரும். மருந்து கொடுத்து இரத்தத்தில் இருப்பதைக் குறைக்கலாம், மூளைக்கு ஆன கேட்டைத் திருப்ப முடியாது. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு. நமக்கு இன்னொன்றும் உண்டு. உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. பல வருடம் கழித்துக் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கிளம்பி வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறது. கல்யாணத்துக்கு முன்பு இந்த வேலை பார்த்த பெண்ணும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

"தினமும் வெல்லம் சாப்பிடறோம், எல்லாம் வெளியே போயிடும்" என்றார்கள். போகாது. கேழ்வரகு, முருங்கைக்கீரை சாப்பிட்டால் ஈயம் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம் குறையலாம். ஆனால் தூள் வருவதை நிறுத்தாமல் கீரை சாப்பிடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு. அதன் தலைநகர் டாக்கருக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் பெண்கள் நம்மைப் போலவே வருமானத்துக்காகப் பேட்டரி மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். முதலில் ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை. படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்காரர் பேட்டரி கடையிலோ உருக்காலையிலோ வேலை பார்க்கிற சகோதரிகள் இங்கேயும் இருக்கிறீர்கள். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்க விடாதீர்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை இடத்தில் பீடி, டீ வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவினால் பாதி வேலை முடியும். சிவப்புத் தரை போட்டவர்கள் பயப்பட வேண்டாம், ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு, இது இல்லை.

இனி அந்தக் குழுவின் கதை. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி பழைய பேட்டரியைப் பதிவு பெற்றவர்களிடம்தான் சேர்க்க வேண்டும். கொல்லையில் உடைக்கக் கூடாது. அவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கடன் நிற்கிறது, பதினோரு தவணை பாக்கி. "நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே நான் மூன்று விஷயம் கேட்கிறேன். ஆறு மாதம் தவணையை ஒத்திப் போட்டு, மீதியை ஆடு வளர்ப்புக்கு மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். அந்தத் தெருவின் குழந்தைகள் எல்லோருக்கும் இரத்தச் சோதனை செய்ய நம் நலநிதியிலிருந்து பணம் வேண்டும், என் ஒரு மாதச் சம்பளத்தையும் அதில் போடுகிறேன். குழி இருக்கிற இடத்தை நாமாகத் தோண்டாமல், வேலி கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுக்க வேண்டும். மனு எழுதி வந்திருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் முன்னால் வாருங்கள், பேனா தலைவி அக்காவிடம் இருக்கிறது.