ஐந்தாம் ஸ்தலம்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு கத்தோலிக்க ஆலயத்துள் நுழைவோர், சுவர்களில் வரிசையாக 14 சிலுவைகளையும் அவற்றோடு படங்களையும் காண்பர். குருவானவர் ஒவ்வொரு சிலுவையின் எதிரிலும் நின்று நின்று செல்வார். மக்கள் முழந்தாளிட்டுச் செபிப்பர்; பின் எழுவர். பிலாத்து தீர்ப்பளித்தது முதல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது வரை இயேசுநாதர் பட்ட பாடுகளைத் தியானிக்கும் இவ்வழிபாட்டுக்குச் சிலுவைப் பாதை என்பது பெயர். நிற்குமிடம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்தலம்.

இதன் பிறப்பிடம் எருசலேம். அங்குள்ள புனித இடங்களைக் காக்கும் பொறுப்பு 1342-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் துறவியரிடம் ஒப்புவிக்கப்பட்டது. கடல் கடந்து அங்கே சென்றுவரப் பொருளும் உடல் வலிமையும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? செல்ல இயலாதாருக்காக அப்பாதையின் சாயலை ஐரோப்பாவிலேயே அமைக்கலாயினர். ஸ்தலங்களின் தொகை இடத்துக்கு இடம் வேறுபட்டது. 1731-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமெந்து அவற்றை 14 என வரையறுத்தார். 1750-இல் லியோனார்டு என்னும் துறவி, உரோமாபுரியின் கொலோசியத்திலும் சிலுவைப் பாதையை நிறுவினார். மனிதர் மடிவதைக் கண்டு மனிதர் ஆரவாரித்த அரங்கு அது. அங்கேயே, ஒருவர் பட்ட துன்பத்தை எண்ணி மற்றவர் உருகுவதற்கு ஓர் இடம் உண்டாயிற்று.

பதினான்கும் சுவிசேஷங்களில் கூறப்பட்டவை அல்ல. இயேசு மும்முறை விழுந்ததும், வழியில் தம் தாயைச் சந்தித்ததும், வெரோணிக்காள் அவர் முகத்தைத் துடைத்ததும் மரபு வழியே வந்தவை. ஐந்தாம் ஸ்தலமோ சுவிசேஷத்தில் உள்ளது. சிரேனே ஊரானாகிய சீமோன் நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். அவனைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்கச் செய்தனர். அவன் தானே முன்வந்தவன் அல்லன். தன் வழியே போனவன்.

நான் கல்லூரியில் பயின்ற நாளில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆலயத்துக்கு விரைந்துகொண்டிருந்தேன், மணி அடித்துவிட்டது. சாலையோரத்தில் ஒரு மூதாட்டி, இறக்கி வைத்த விறகுக் கட்டை மீண்டும் தலைக்கு ஏற்ற இயலாமல் நின்றாள். “தம்பி, ஒரு கை பிடியேன்” என்றாள். “நேரமாகிவிட்டது, பாட்டி” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஐந்தாம் ஸ்தலம் வந்தது. பிறர் சுமையைத் தாங்க வரம் கேட்கும் செபத்தை எல்லாரோடும் சேர்ந்து உரக்கச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் என் குரல் எழவில்லை. வெளியே வந்து அவ்விடத்துக்கு ஓடினேன். மூதாட்டியும் இல்லை, விறகும் இல்லை. யாரோ ஒருவர் தூக்கிவிட்டிருந்தார். அந்த யாரோ நானாக இருந்திருக்கலாம்.

மாணவ நண்பர்களே, தியானம் என்பது கண்ணை மூடிக்கொள்வது என்றே அந்நாள்வரை எண்ணியிருந்தேன். சிலுவைப் பாதை ஏன் ஒரே நடையாக அமையாமல், 14 இடங்களில் நிற்கச் செய்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. விரைந்து செல்பவன் கண்ணுக்குப் பிறர் துன்பம் படுவதில்லை. பட்டாலும் மனத்தில் தங்குவதில்லை. நிற்கப் பழகுவதற்கே இப்பயிற்சி. உங்கள் சமயம் எதுவாயினும் இப்பழக்கம் உங்களுக்கும் உரியதே.

ஆலயத்தில் மற்றவர்கள் ஆறாம் ஸ்தலத்துக்கு நகர்ந்த பின்னரும், இன்றளவும் நான் ஐந்தாம் ஸ்தலத்தில் சற்றே பிந்தி நிற்கிறேன்.