சான்றிதழும் அஞ்சலட்டையும்



'இளம் படைப்பாளிகளுக்கான போட்டிகளும் பதிப்பு வாய்ப்புகளும்' என்று இந்த வாசகர் வட்டத்தில் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் மணி அடிப்பேன் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அடிக்க மாட்டார். அவரும் கவிஞர், மைக்கை விட மனசு வராதது என்ன பாடு என்று அவருக்குத் தெரியும்.

இன்றைக்குச் சாயங்காலம் இந்த நூலக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கை வந்து, "ஐயா, நான் ரெண்டு வருஷத்துல 42 சான்றிதழ் வாங்கியிருக்கேன், புத்தகம் போடலாமா?" என்று கேட்டாள். போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிற கவிதைப் போட்டிகள். தங்க நிறத்தில் விளிம்பு, மூலையில் முண்டாசுக் கட்டோடு பாரதி, கீழே நிறுவனத் தலைவரின் கையெழுத்து. கவிச்சுடர், கவித்தென்றல், கவிச்செம்மல் என்று வகைவகையாகப் பட்டங்கள். ஒன்றைச் சுட்டிக்காட்டி, "இது எந்தக் கவிதைக்கம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஞாபகம் இல்லீங்க ஐயா" என்றாள்.

சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதியதை யாராவது ஒருவர் பார்த்தார் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தவிக்கிற வயது அது. நாற்பத்திரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவராவது கவிதையைப் படித்தாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

என் கதையைச் சொல்கிறேன். 1986-ல் ஒரு சிற்றிதழுக்குக் கவிதை அனுப்பினேன். திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் தபால்தலை ஒட்டிய உறையையும் கூடவே வைக்க வேண்டிய காலம். என் உறை திரும்பி வரவில்லை. பதினைந்து பைசா கார்டு ஒன்று வந்தது. அதில் ஆசிரியர் எழுதியிருந்தது மொத்தம் மூன்று வரி. மூன்றாவது பத்தியில்தான் கவிதை தொடங்குகிறது, முதல் இரண்டும் நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்ட சத்தம், அவற்றை எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்று. ஒரு வாரம் அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம். எட்டாம் நாள் இரண்டு பத்தியையும் அடித்தேன். கவிதை அச்சில் வந்தது. பிறகு நான் வாங்கிய கேடயங்களில் இரண்டு எங்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கின்றன. அந்தக் கார்டு மட்டும் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

போட்டி, பரிசு, விருது, பதிப்பகம் எதைப் பற்றி நான் பேசினாலும் அந்தக் கார்டை வைத்துத்தான் அளப்பேன். எழுதியவனுக்குப் படித்தவன் பதில் எழுதினானா?

'எழுத்து' பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கினார். 119 இதழ்கள் வந்தன. பரிசுப் பணமும் இல்லை, பட்டமும் இல்லை. திரிகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய ஒரு பையன் எழுதி அனுப்புகிறான். அவன்தான் தருமு சிவராம், பின்னாளில் பிரமிள். செல்லப்பா அவனை வயது கேட்கவில்லை, எழுத்தைப் பார்த்தார், போட்டார். 1962-ல் 'புதுக்குரல்கள்' என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். 24 கவிஞர்கள், 63 கவிதைகள். தமிழ்ப் புதுக்கவிதையின் முதல் தொகுப்பு. வந்த காகிதத்தில் எதைக் கழிப்பது என்று தெரிந்த ஒரு மனிதர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் அதன் ரகசியம். அப்புறம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அதை விற்கவும் போனார். அந்தப் பகுதியை இங்கே இருக்கிற பதிப்பாளர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் போட்டியே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் வரலாறு என்னை மன்னிக்காது. ராஜம் கிருஷ்ணனின் 'பெண் குரல்' கலைமகள் நாவல் பரிசில் வெளிச்சத்துக்கு வந்தது, 1953-ல். அம்மையார் அப்போது முப்பதைத் தொடவில்லை. உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. படமாகப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் பாதிப் பேருக்கு அது போட்டிக்கு வந்த நாவல் என்பது தெரியாது. ஜெயமோகனின் 'ரப்பர்' 1990-ல் அகிலன் நினைவுப் போட்டியில் பரிசு பெற்று நூலானது, அவருக்கு அப்போது 28 வயது. இந்தப் போட்டிகளில் பரிசுத் தொகைக்குப் பின்னால் ஒரு பத்திரிகையோ பதிப்பகமோ நின்றது. தேர்ந்தெடுத்ததை அச்சிட்டு வாசகர் கையில் கொடுக்கும் கடமை அவர்களுக்கு இருந்தது. மோசமான நாவலைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் பெயர்தான் கெடும். நடுவருக்கும் ஏதோ ஒன்று பணயம் இருந்தால்தான் போட்டி போட்டியாக இருக்கும்.

நடுவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைப் போட்டி. தலைப்பு 'தாய்மை'. 312 கவிதைகள். மூன்று நாள் அவகாசம். ஐம்பதாவது கவிதையைத் தாண்டும்போது எனக்குக் கருவறை, தொப்புள்கொடி என்ற இரண்டு சொல்லைப் பார்த்தாலே குமட்டத் தொடங்கிவிட்டது. தாய்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை ஐயா! முந்நூறு பேரும் ஒரே தாயை எழுதியிருந்தார்கள், அந்தத் தாய்க்கு முகமே இல்லை. நள்ளிரவில் ஒரு தாள் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பையன் எழுதியது. ரேஷன் கடை வரிசையில் அவன் அம்மா தனக்குப் பதிலாக ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். வரிசை நகர நகர, பின்னால் நிற்கிற அக்கா காலாலேயே அந்தச் செங்கல்லை முன்னால் தள்ளிக்கொண்டு போவாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் அதைப் பார்க்கிறான். கவிதை அங்கே முடிந்துவிடுகிறது.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் என்னோடு இருந்த இன்னொரு நடுவர், "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா தாய்மைங்கிற வார்த்தையே இல்லையே, தலைப்புக்குள்ள வரலையே" என்றார். வாதாடினேன். முதல் பரிசுக்குக் கொண்டுபோக முடியவில்லை, ஊக்கப் பரிசோடு நின்றது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றை நான் செய்தேன். அந்தப் பையனின் விலாசம் விண்ணப்பத்தாளிலேயே இருந்தது. "தம்பி, அந்தச் செங்கல் எங்கள் இருவரையும்விடப் பெரியது" என்று ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. தாள்களை நிர்வாகிகளிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அவன் இப்போது எழுதுகிறானா இல்லையா என்று தெரியவில்லை.

சரி, இன்றைக்கு என்ன இருக்கிறது? தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 10,000 ரூபாய். போங்கள், வாங்குங்கள், கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும். பரிசு வாங்கியதும் கவிஞராகிவிட்டதாக மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 2011-லிருந்து கொடுக்கப்படுகிறது. 35 வயதுக்குள் இருக்க வேண்டும், 50,000 ரூபாய். துப்புரவுப் பணியாளர் வாழ்க்கையை எழுதிய மலர்வதியின் 'தூப்புக்காரி' 2012-ல் வாங்கியது. சபரிநாதனின் 'வால்' என்ற கவிதைத் தொகுப்பு 2019-ல் வாங்கியது. இரண்டையும் இந்த நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நூலகர் அம்மாவிடம் எழுதிக் கொடுங்கள்.

நேஷனல் புக் டிரஸ்ட் 2021-ல் தொடங்கிய பிரதமரின் யுவா திட்டம் ஒன்று இருக்கிறது. 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. முதல் முறை நாடு முழுக்க 75 பேரை எடுத்தார்கள், மாதம் 50,000 வீதம் ஆறு மாதம். விடுதலைப் போராட்டத்தை ஒட்டிய பொருள் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் பேர் தெரியாத தியாகிகளுக்கா பஞ்சம்? தாத்தா சொன்ன கதையை ஆவணத்தோடு எழுதத் தெரிந்தவனுக்கு அது ஏற்ற இடம். எனக்கு அதில் பிடித்தது பணம்கூட இல்லை, தேர்வானவருக்கு ஒரு வழிகாட்டியைச் சேர்த்துவிடுகிறார்கள். பதில் எழுதுவதற்கு ஓர் ஆள்!

விண்ணப்பமே போடாமல் கிடைக்கிறவையும் உண்டு. 'இலக்கியச் சிந்தனை' 1970-லிருந்து மாதாமாதம் பத்திரிகைகளில் வந்த கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்த அமைப்பு. எழுதியவருக்குத் தெரியாமலே ஒருவர் படித்துக்கொண்டிருப்பார். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம், மறைந்த கவிஞர் குமரகுருபரன் பெயரில் இளம் கவிஞர்களுக்கு 2017-லிருந்து விருது தருகிறது. அந்த விழாவில் பொன்னாடை நேரத்தைவிட, அந்தக் கவிதைகளைப் பற்றிப் பேசுகிற நேரம் அதிகம். இப்படி ஓர் அரங்கத்தில் உட்கார்ந்து தன் கவிதையைப் பற்றிப் பிறர் பேசக் கேட்பதற்கு ஐம்பது கவிச்சுடர் பட்டங்களைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இப்போது கொஞ்சம் கசப்பு. பெற்றோர்கள் கவனியுங்கள். "உங்கள் கவிதை தேர்வாகிவிட்டது, நூறு கவிஞர்கள் எழுதும் மாபெரும் தொகுப்பில் இடம்பெறுகிறது, நீங்கள் ஐந்து பிரதி மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்" என்று செய்தி வந்தால், அந்தப் புத்தகத்துக்கு நூறு வாசகர்கள்தான், அந்த நூறு பேரும் அதை எழுதியவர்கள்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். தனிப் புத்தகமென்றால் 'பேக்கேஜ்' என்பார்கள். அட்டை வடிவமைப்பு இவ்வளவு, வெளியீட்டு விழா இவ்வளவு, ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு இரண்டாயிரம். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் அப்படி 30,000 ரூபாய் கொடுத்தான், அக்கா நகையை அடகு வைத்து. முந்நூறு பிரதியும் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் அதற்கென்றே ஒரு முகமை இருக்கிறது, அரசு கட்டணமே வாங்குவதில்லை.

போட்டி விதிகளைப் பொடி எழுத்துவரை படியுங்கள். "படைப்பின் முழு உரிமையும் எங்களுக்கே" என்று எங்காவது ஒளிந்திருக்கும். எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வாழும் காலமும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது உங்கள் சொத்து, உங்கள் பிள்ளைகள் சொத்து. இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். காணி நிலத்தை விற்க நாலு முறை பத்திரம் படிக்கிற நாம், கவிதையை மட்டும் ஏன் ஒரு 'டிக்'கில் எழுதிக் கொடுக்கிறோம்?

"பாரதியே சொந்தச் செலவில் போட ஆசைப்பட்டவர்தானே?" என்று ஒரு தம்பி போன கூட்டத்தில் மடக்கினான். நல்ல கேள்வி. பாரதியின் முதல் கவிதை அச்சேறியது மதுரை 'விவேகபாநு' பத்திரிகையில், 1904-ல், 21 வயதில். பதினாறு வருஷம் கழித்து, 1920-ல், தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் போட வேண்டும், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, என்று கணக்குப் போட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிக் கடன் கேட்டார். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் போல வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை, அடுத்த ஆண்டு அவரே இல்லை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தானே பதிப்பாளராக நிற்க நினைத்தார், கணக்கு அவர் கையில் இருந்தது. செல்லப்பாவும் தள்ளாத வயதில் மூன்று பாகமாகச் 'சுதந்திர தாகம்' நாவலைத் தானே போட்டார். அவர் மறைந்த பிறகு, 2001-ல், சாகித்திய அகாதெமி விருது அதைத் தேடி வந்தது. தானே அச்சகத்துக்குப் போய், தாள் பார்த்து, மெய்ப்புத் திருத்தி, ஐம்பது பிரதி போட்டு, ஐம்பது வாசகரைத் தேடிப் போகிறவனை நான் கும்பிடுவேன். இப்போது ஐம்பது பிரதி அச்சிடவும் முடிகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவன் கதை வேறு.

செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். நான் அவரைத் தப்பாகக் கணித்துவிட்டேன்.

கடைசி பஸ் எனக்கு ஒன்பதே காலுக்கு. அதுவரை அதோ அந்த ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருப்பேன். சிவப்புப் பேனா ஒன்று வைத்திருக்கிறேன், பயப்படாதீர்கள். ஆளுக்கு ஒரு கவிதை, இரண்டு வேண்டாம். அந்த நாற்பத்திரண்டு சான்றிதழ்த் தங்கை எங்கே? நீதான் முதலில் வர வேண்டும். போனை உள்ளே வைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வாம்மா.